தாமஸ் கிளார்க்ஸனும் கப்பற் படமும்

கல்லூரிகளிற் பரிசுக் கட்டுரைகள் எழுதப்படுவது புதுமையன்று. தலைப்பு அறிவிப்புப் பலகையில் ஏறும். ஆவலுடைய மாணவர் சிலர் நூல்நிலையத்துட் புகுவர். ஆண்டு விழாவன்று ஒருவர் கைதட்டலுக்கிடையே பரிசு பெற்று மீள்வர். கட்டுரை யாதேனும் ஓர் அலமாரியில் துயில்கொள்ளும். நம்முள்ளும் இவ்வாறு எழுதியவர் பலர். ஆயின் 1785-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ஒரு பரிசுக் கட்டுரை அவ்வாறு துயிலவில்லை; எழுதியவரையும் துயிலவிடவில்லை. அதனை எழுதிய தாமஸ் கிளார்க்ஸன் என்பாரது வாழ்க்கையை, அவர் நாடெங்கும் பரப்பிய ஒரு படத்தாளை நடுவே வைத்து, ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

கிளார்க்ஸன் 1760-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் இங்கிலாந்தின் கீழைப்பகுதியிலுள்ள விஸ்பெக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குருவானவர், அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியருமாவார். மகன் ஆறு வயதுச் சிறுவனாயிருந்தபொழுதே அவர் காலஞ்சென்றார். இலண்டனில் தூய பவுல் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் தூய யோவான் கல்லூரியிலும் பயின்ற கிளார்க்ஸன் 1783-இல் பட்டம் பெற்று, அவ்வாண்டே உதவிக்குருப் பட்டமும் ஏற்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் செம்பட்டை மயிரும் உடைய அவ்விளைஞரின் முன்னே திருச்சபையில் உயர்பதவிக்குரிய வழி திறந்தே கிடந்தது.

அந்நாளிற் சர்வகலாசாலைத் துணைவேந்தராயிருந்தவர் பீட்டர் பெக்கார்டு என்பவர். 1781-இல் ஜாங் என்னும் கப்பலிலிருந்து, இன்ஷூரன்ஸ் பணம் பெறலாம் என்னும் கணக்கினால், நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். அச்செய்தி, கொலை வழக்காக அன்று, பண வழக்காகவே நீதிமன்றம் ஏறியது. இத்தகைய காலத்தில் பெக்கார்டு, ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக அடிமையாக்குதல் முறையாகுமோ என்னும் பொருளைப் பட்டதாரிகளின் இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கு விதித்தார். முந்தைய ஆண்டிலும் பரிசு பெற்றிருந்த கிளார்க்ஸன், புகழை நாடியே இதிலும் இறங்கினார். இதனை அவரே பிற்காலத்து மறையாது எழுதியுள்ளார். பொருளைப்பற்றி அவர் முன்னர் அறிந்திருந்தது மிகச் சிறிதே. பிலடெல்பியா நகரத்துக் குவேக்கராகிய அந்தோணி பெனிசெட் எழுதிய நூலொன்றை இலண்டன் சென்று வாங்கிவந்து படித்தார். படிக்கப் படிக்கப் புகழாசை தேய்ந்து துயரம் வளர்ந்தது. இரவில் எழும் எண்ணங்களை உடனே குறித்துக்கொள்வதற்காக அவர் அறையில் விளக்கு அணையாது எரிந்ததென்பர். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. சர்வகலாசாலை மண்டபத்தில் கட்டுரை படிக்கப்பெற்றது.

பரிசு பெற்றபின் இலண்டனுக்குக் குதிரையேறிச் சென்றார். வழி நெடுகிலும் கட்டுரைப் பொருள் அவரை விட்டு நீங்கவில்லை. இடையிடையே குதிரையை நிறுத்துவார், இறங்கி நடப்பார். ஹெர்ட்போர்டுஷயரில் வேட்ஸ்மில் என்னும் ஊர் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில், குதிரையின் கடிவாளத்தைப் பற்றியவாறே வழியோரத்திற் புல்மேல் அமர்ந்துவிட்டார். தாம் எழுதியவை மெய்யாயின், இக்கொடுமையை முடிவு காணும்வரை ஒருவர் தொடர்ந்து எதிர்க்கவேண்டுமன்றோ என்னும் எண்ணம் ஆங்கு அவருக்கு உதித்தது. அவ்வொருவர் தாமே என்பதனை உணர இன்னும் சில திங்கள் சென்றன. அவ்விடத்தில் இன்று ஒரு கல்தூண் நிற்கின்றது, 1879-இல் நாட்டப்பட்டது.

கட்டுரையை ஆங்கிலத்தில் ஆக்கி 1786-இல் வெளியிட முன்வந்தவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்னும் குவேக்கர். இலண்டன் ஜார்ஜ் யார்டிலிருந்த அவருடைய அச்சுக்கூடத்திலே 1787-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் பன்னிருவர் கூடி, அடிமை வாணிகத்தை ஒழிப்பதற்கு ஒரு குழுவினை நிறுவினர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர். கிரான்வில் ஷார்ப் தலைவரானார். இக்குழு பிறந்த இடம் அரண்மனையும் அன்று, ஆலயமும் அன்று, ஓர் அச்சுக்கூடம் என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பார்லிமெண்டிற் பேசுதற்கு வில்லியம் வில்பர்போர்ஸ் இசைந்தார். அவர் பேசுதற்குரிய சான்றுகளைத் தேடிக் கொணரும் வேலை கிளார்க்ஸனுடையதாயிற்று.

வேலை எளிதன்று. பிரிஸ்டல், லிவர்ப்பூல் ஆகிய துறைமுகங்களின் செல்வமெல்லாம் அவ்வாணிகத்தில் ஊறியது. பிரிஸ்டலில் மதுக்கடை ஒன்றின் உரிமையாளர் துணைவர, இரவுதோறும் மாலுமிகள் குடிக்குமிடங்களிற் புகுந்து செய்தி திரட்டினார். கப்பல்களின் பெயர்ப் பதிவேடுகளைப் படியெடுத்து, ஆங்கில மாலுமிகளே அவ்வாணிகத்தில் எத்துணைப் பேர் மாண்டனர் என்பதை எண்ணிக் காட்டினார். லிவர்ப்பூலிற் கடையொன்றில் கைவிலங்கும், கால்விலங்கும், பெருவிரலை நசுக்கும் திருகும், உண்ண மறுப்பவர் வாயைப் பிளக்கும் கருவியும் வெளிப்படையாக விற்பனைக்கு இருக்கக் கண்டு விலைகொடுத்து வாங்கினார். அந்நகரத் துறைமேடையில் எட்டொன்பது பேர் அவரைச் சூழ்ந்து கடலில் தள்ள முனைந்தபொழுது, தம் உடல் வலியினாலே தப்பினார். பின்னொருமுறை, ஆப்பிரிக்க ஆறுகளில் ஆட்களைப் பிடிக்கும் முறையை நேரிற்கண்ட மாலுமி ஒருவர் உளர் என்று மட்டும் கேள்வியுற்று, பெயரும் அறியாது, துறைமுகம் துறைமுகமாக 300-க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களில் ஏறித் தேடி, பிளிமத்தில் அம்மனிதரைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சி என்னும் சொல்லை எளிதாக வழங்கும் நாம் இதனை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் தகும்.

இப்பயணங்களில் அவருடன் ஒரு மரப்பேழையும் சென்றது. ஆப்பிரிக்காவின் விளைபொருளும் கைவினையும் அதில் நிரம்பியிருந்தன: பலவகை மரத்துண்டுகள், தந்தம், மிளகு, பருத்தி, நெய்து சாயமேற்றிய துணி முதலியன. ஆட்களை விற்காமல் இப்பொருள்களைக் கொண்டே வாணிகம் செய்யலாம் என்று காட்டுதல் அவருடைய கருத்து. ஆனால் அத்துணிகள் அதனினும் மிகுதியாக ஒன்றைச் சொல்லின. இவற்றை நெய்த கைகள் கலைத்திறன் உடையவை என்பதே அது. அப்பேழை இன்றும் விஸ்பெக் நகரப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது.

குழுவினர்க்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. முழந்தாளிட்டு, விலங்கிட்ட கைகளை உயர்த்தி, தானும் ஒரு மனிதன் அன்றோ, ஒரு சகோதரன் அன்றோ என வினவும் ஆப்பிரிக்கனின் உருவம் வரையப்பட்டது. புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிலாளரும் குழுவின் உறுப்பினருமாகிய ஜோசையா வெட்ஜ்வுட், 1787-இல் அதனை வெண்ணிலத்தில் கருநிற உருவமாகச் சுட்டு வில்லைகளாக்கினார். ஏறத்தாழ ஒரு பழைய வெள்ளி ரூபாயின் அளவே அது இருக்கும். ஆடவர் பொடிச்சிமிழ் மூடியிற் பதித்தனர். பெண்டிர் கைவளையிலும் கூந்தல் ஊசியிலும் அணிந்தனர். அணிகலனே பிரசாரம் ஆயிற்று. ஆயினும் அவ்வுருவம் மண்டியிட்டே நின்றது. வினவியதே யன்றிக் கூறவில்லை. ஒரு நூற்றெண்பது ஆண்டு கழித்து, 1968-இல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக் கறுப்புத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, தாம் மனிதர் என்னும் ஒரே வாக்கியம் அச்சிட்ட அட்டைகளை ஏந்தி வரிசையாக நடந்தனர். அங்கே வினாக்குறி இல்லை, மண்டியிட்டவரும் இல்லை.

இனி, கப்பற் படத்திற்கு வருவோம்.

1788-இல் பார்லிமெண்டின் ஆய்விற்காகக் கப்பற்படைத் தலைவர் ஒருவர் லிவர்ப்பூலுக்கு அனுப்பப்பட்டு, அடிமைக் கப்பல்கள் சிலவற்றை அளந்துவந்தார். அவற்றுள் ஒன்று புரூக்ஸ் என்பது, 1781-இற் கட்டப்பட்டது, 297 டன் அளவினது. அவ்வாண்டே நிறைவேறிய ஒரு சட்டம், அக்கப்பலில் 454 பேருக்கு மேல் ஏற்றலாகாது என வரையறுத்தது. பிளிமத் நகரத்து ஒழிப்புக் குழுவினர் இவ்வளவுகளை வைத்துக்கொண்டு, அத்தொகையினரைக் கீழ்த்தளத்திற் கிடத்தினால் எவ்வாறு தோன்றும் என்று ஒரு படம் வரைந்து 1,500 தாள்கள் அச்சிட்டனர். அதனைக் கண்ட இலண்டன் குழுவினர், 1789-இன் வேனிற்பருவத்துக்கு முன்னரே, அதனை விரித்துத் திருத்தி ஜேம்ஸ் பிலிப்ஸின் அச்சுக்கூடத்தில் 7,000-க்கும் மேற்பட்ட தாள்களாக வெளியிட்டனர். அத்திருத்தத்தில் கிளார்க்ஸனின் பங்கு பெரிது.

படத்தை அறியாதார்க்காகச் சிறிது விரித்துரைப்போம். கப்பலை மேலிருந்து நோக்கினாற் போலவும், நெடுக்கே பிளந்து நோக்கினாற் போலவும், தச்சர் கையாளும் திட்டப்படம் போன்றே அது வரையப்பட்டுள்ளது. கொடுமைக்காரனின் சவுக்கு இல்லை, இரத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. கப்பலின் உட்புறம் முழுதும், மீன் கூடையில் அடுக்கிய மீன்போல, சிறு கரிய மனித உருவங்கள் தலையும் காலும் ஒட்டிக் கிடக்கின்றன. ஆண் ஒருவனுக்கு ஆறடி நீளமும் ஓரடி நான்கங்குல அகலமும். சிறுமி ஒருத்திக்கு நாலரையடி நீளமும் ஓரடி அகலமும். தளத்திற்கும் கூரைக்கும் இடையே 5 அடி 8 அங்குலம். அதன் நடுவே பலகை அடித்து, அதன் மேலும் ஒரு வரிசை. ஆகவே கீழ்க்கிடப்பவனுக்கும் மேற்கிடப்பவனுக்கும் தலைக்குமேல் எஞ்சுவது ஏறத்தாழ இரண்டரை அடியே; எழுந்து உட்காரவும் இயலாது. இந்நிலையிற் கினி நாட்டுக் கரையிலிருந்து மேற்கிந்தியத் தீவுகள் வரை வாரக்கணக்காகக் கடல் கடத்தல் வேண்டும்.

இவற்றினும் கூரிய செய்தி ஒன்று படத்தின் கீழுள்ள எழுத்தில் இருந்தது. படத்திற் காண்பது சட்டம் அனுமதித்த அளவே. சட்டத்திற்கு முன் இதே கப்பல் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றிச் சென்றது. கூட்டி வரைந்தனர் என்று வணிகர் குறைகூற வழியில்லை. உண்மையிற் குறைத்தே வரைந்துள்ளனர்! எஞ்சிய நூற்றைம்பதின்மரை எங்கே கிடத்துவது என்னும் கணக்கைப் பார்ப்பவர் நெஞ்சுக்கே விட்டுவிட்டனர். பிரசாரக் கலையில் இதனை ஒரு பேரறிவு என்றே நாம் மதிக்கின்றோம். மிகைபடக் கூறுதலே மக்களை அசைக்கும் என்று எண்ணுவார் உளர். கிளார்க்ஸனோ அளவுகோலை நம்பினார். இலத்தீன் கட்டுரை சில நூறு கற்றோரைச் சேர்ந்தது. இத்தாளோ மதுக்கடைச் சுவரிலும், குடியானவன் வீட்டுச் சுவரிலும் ஏறிற்று. எழுத்தறியாதவனும் அதனைப் படித்தான். அவ்வாண்டே அது கடல்கடந்து பிலடெல்பியாவில் அச்சாயிற்று.

1789 ஆகஸ்டில், புரட்சி மூண்ட ஒரு திங்களுக்குள், கிளார்க்ஸன் படத்தாள்களுடனும் துணிகளுடனும் பாரிஸ் நகர் சேர்ந்து ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கினார். மிராபோ அப்படத்தைக் கண்டு, அதனைப் போன்றே மரத்தால் ஒரு சிறு கப்பல் செய்வித்து, உள்ளே மனித உருவங்களை அடுக்கித் தம் இல்லத்தில் வைத்தார். அமைச்சர் நெக்கர், ஆப்பிரிக்கத் துணிகளை மன்னர் பதினாறாம் லூயிக்குக் காட்ட எடுத்துச் சென்றார். கப்பற் படத்தையோ, உடல்நலம் குன்றியிருந்த மன்னர் உள்ளம் பொறுக்கமாட்டார் என்று கூறிக் காட்டாது விட்டார். இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணியுள்ளோம். மன்னர் நெய்தவர் கைத்திறனைக் கண்டார், நெய்தவர் பட்ட துன்பத்தைக் காணவில்லை. உலகமோ துன்பத்தைக் கண்டது, கைத்திறனைக் காணவில்லை. பேழை விஸ்பெக்கில் உறங்க, படம் மட்டும் உலகெங்கும் உலவுகின்றது.

இதுவே அப்படத்தின் குறையும் ஆகும். அதிலுள்ள உருவங்களுக்கு முகமில்லை, ஒன்றற்கொன்று வேறுபாடில்லை, ஒருவரும் கையை ஓங்கவில்லை. உண்மையிலோ அத்தகைய கப்பல்கள் பலவற்றிற் கலகம் மூண்டதுண்டு. படம் வெளிவந்த அதே 1789-இல், அக்கொடும் பயணத்தைக் கூறும் தம் வரலாற்றை ஒலௌடா எக்குவியானோ என்னும் ஆப்பிரிக்கர் தாமே எழுதி இலண்டனில் வெளியிட்டு, ஊரூராகச் சென்று விற்றார். கிளார்க்ஸன் அவருக்குக் கேம்பிரிட்ஜ் நண்பர்க்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். இரண்டு ஆண்டிற்குள் பிரஞ்சுக்காரர் வசமிருந்த செந்தொமிங்கு தீவில் அடிமைகள் திரண்டெழுந்தனர். 1804-இல் அது ஹைட்டி என்னும் விடுதலை நாடாயிற்று. யாரும் அவர்களுக்கு விடுதலையைக் கையில் வைத்துக் கொடுக்கவில்லை. அடங்கிக் கிடக்கும் உருவங்களை இரங்கிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எழுந்து நிற்பவனைக் காண்டல் அரிதாயிற்று. பிற்காலக் கறுப்பு ஓவியர் இக்குறையை நன்கறிந்தே அப்படத்தைத் தம் கையில் எடுத்தனர். 1969-இல் மால்கம் பெய்லி என்னும் அமெரிக்க ஓவியர் அத்திட்டப்படத்தையே தம் காலத்து நிறவேற்றுமையை இடித்துரைக்கும் ஓவியமாக்கினார். ஜமெய்க்காவின் பாப் மார்லி 1979-இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறையிலும் அதுவே காணப்படுகின்றது. ஆங்கு அப்படத்தின்மேல் எழுதப்பட்ட தலைப்போ, மாளாது பிழைத்திருத்தல் என்னும் பொருளது.

கிளார்க்ஸன் வாழ்வுக்கு மீள்வோம். 1791-இல் வில்பர்போர்ஸின் தீர்மானம் 88-க்கு 163 வாக்குகளால் தோற்றது. அடுத்த ஆண்டு 519 விண்ணப்பங்கள் பார்லிமெண்டிற் குவிந்தன. மேற்கிந்தியச் சர்க்கரையை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் துறந்தனர் என்று கிளார்க்ஸன் கணக்கிட்டார். எனினும் பயன் கைகூடவில்லை. ஏழாண்டுகளில் 35,000 மைல் அலைந்த உடல் தளர்ந்தது; குரலும் நினைவும் குன்றின; கைப்பொருளும் கரைந்தது. 1794-இல் வேலையினின்று விலகி, ஏரி நாட்டில் நிலம் வாங்கி உழுதார். 1796-இல் கேதரின் பக் என்னும் நங்கையை மணந்தார். உடல் தேறியதும் மீண்டும் ஊர்தோறும் சென்றார். 1807 பெப்ருவரியில் மக்கள் சபை 16-க்கு எதிராக 283 வாக்குகளால் அடிமை வாணிகத்தை ஒழிக்க இசைந்தது. மார்ச்சு 25-இல் அது சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு அவர் எழுதிய இரண்டு பாக வரலாற்றில், மடித்துவைத்த தாளாக அக்கப்பற் படம் மீண்டும் இடம்பெற்றது.

பின்னாளில் அவர் ஸபோக் நாட்டுப் பிளேபோர்டு என்னும் ஊரில் வாழ்ந்தார். ஹைட்டியின் மன்னர் ஆன்றி கிறிஸ்தோப் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டு, பள்ளி நிறுவுதல் முதலியவற்றிற்கு அறிவுரை பெற்றார். 1818-இல் ஐரோப்பிய மன்னர் கூடிய மாநாட்டில் ரஷ்யப் பேரரசர் அலெக்ஸாந்தரைக் கண்ட கிளார்க்ஸன், அக்கறுப்பு மன்னரின் கடிதத்தைக் காட்ட, பேரரசர் வியந்தார். 1820-இற் கிளர்ச்சி மூண்டு கிறிஸ்தோப் உயிர்துறந்தபின், அரசியும் இரு புதல்வியரும் இங்கிலாந்து போந்து, சில காலம் கிளார்க்ஸன் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினர். அயலார் பலர்க்கு இது பிடிக்கவில்லை. அவர்தம் அரிய நண்பராகிய வேர்ட்ஸ்வொர்த் குடும்பத்திலேயே இதனை எள்ளி ஒரு விளையாட்டுச் செய்யுள் எழுந்ததென்றால், பிறரைப்பற்றிக் கூறுவானேன்? படத்திற் கிடக்கும் ஆப்பிரிக்கருக்கு இரங்குவோர் யாவரும், உணவு மேசையில் எதிரே அமரும் ஆப்பிரிக்க மாதை வரவேற்பரல்லர். கிளார்க்ஸன் தம்பதியர் வரவேற்றனர்.

அடிமை வாணிகம் ஒழிந்தும் அடிமை முறை ஒழியவில்லை. அறுபது கடந்த கிளார்க்ஸன் 1823 முதல் மீண்டும் பதினாயிரம் மைல் வண்டியிற் சென்று விண்ணப்பங்கள் திரட்டினார். 1833-இல் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழித்தது. உடைமையாளர்க்கு இரண்டு கோடி பவுன் ஈடளித்தது. அடிமைகளாயிருந்தோர்க்கு ஒரு காசும் அளிக்கவில்லை. அவ்வீட்டிற்காக வாங்கிய கடன் 2015-ஆம் ஆண்டில்தான் தீர்க்கப்பட்டது என்பதைக் கேட்போர் திகைப்பர்.

1837-இல் அவருடைய ஒரே மைந்தர் வண்டி விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வில்பர்போர்ஸின் புதல்வர் தம் தந்தை வரலாற்றை ஐந்து பாகங்களாக வெளியிட்டு, அதிற் கிளார்க்ஸனின் தொண்டைச் சிறுமைப்படுத்தினர். 1844-இல் அவர்களே பிழைபொறுக்க வேண்டினர். 1840 ஜூன் 12-ஆம் நாள் இலண்டனிற் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டை, எண்பது வயதான கிளார்க்ஸன் தொடங்கிவைத்தார். தளர்ந்த அவர் உள்ளம் அதிராதிருத்தற்காகக் கைதட்ட வேண்டா எனக் கேட்டுக்கொள்ளப்பட, சபை முழுதும் வாய்மூடி எழுந்து நின்றது. ஆயின் அமெரிக்காவிலிருந்து பேராளராக வந்த பெண்டிர்க்கு அம்மண்டபத்தில் இருக்கை மறுக்கப்பட்டது. ஹேடன் என்னும் ஓவியர் இம்மாநாட்டைப் பெரும் படமாகத் தீட்டியபொழுது, ஜமெய்க்காவில் அடிமையாயிருந்த ஹென்ரி பெக்போர்டு என்பாரை முன்னணியில் அமைத்தார். தம்மை அவரருகே எழுத இசைவீரோ எனப் பேராளர் சிலரை வினவி, அவர் முகக்குறிப்பை ஓவியர் உற்று நோக்கினாராம், தயங்கியவரும் உளர்.

1846 ஆகஸ்டில் பிளேபோர்டு இல்லத்திற்கு அமெரிக்காவிலிருந்து விருந்தினர் வந்தனர். ஒருவர் வில்லியம் லாயிட் காரிசன். மற்றொருவர் பிரெடெரிக் டக்ளஸ். டக்ளஸ் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, முந்தைய ஆண்டிலே தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டவர். அந்நூலின் முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது அவருடைய சொந்த முகமே. கீழே அவர் கையொப்பம். எண்பத்தாறு வயதான கிளார்க்ஸன் அவ்விளைஞரின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, நடுங்கிய குரலில் வரவேற்றார். அடுத்த திங்கள் 26-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பிளேபோர்டு தூய மரியாள் ஆலயத்து மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர்.